வசனம் இல்லாத நாடகம், கஷ்ட காலத்துப் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு சாவு, பெற்றோர் பிரிவு, வெள்ளம், விபத்து, நீண்ட நாள் பள்ளி மூடல் என்று ஏதாவது ஒன்றைக் கடந்து வகுப்புக்குத் திரும்பும் மாணவர்களோடு உடனடி நாடக விளையாட்டுகளைப் பல வருடமாக நடத்தி வருகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

உடனடி நாடகம் என்றால் என்ன?

எழுதிய வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. யாராவது ஓர் இடத்தைச் சொல்வார்கள். இரண்டு பேர் எழுந்து வந்து, அந்த நிமிடத்தில் தோன்றுவதைப் பேசி நடிப்பார்கள். நாடகக்காரர்கள் இதை இம்ப்ரோ என்பார்கள்.

இதைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு விதி: எதிரில் இருப்பவர் சொன்னதை ஏற்றுக்கொள், அதன்மேல் நீ ஒன்று சேர். "டாக்டர், என் கை பச்சையாயிடுச்சு" என்கிறாள் ஒருத்தி. "இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று டாக்டர் சொன்னால் காட்சி அங்கேயே படுத்துவிடும். "ஆமா, அப்புறம் விரல்ல ஒரு இலை வேற விட்டிருக்கே" என்றால் ஓடத் தொடங்கிவிடும். "ஆமா, அப்புறம்" என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மாணவர்களுக்கு இதைச் செய்ய மேடை வேண்டாம், பார்வையாளரும் வேண்டாம். பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கினால் போதும்.

பிள்ளைகள் துக்கத்தில் இருக்கும்போது விளையாட்டு வேண்டுமா?

சாவு வீட்டில் சிரிப்பதா என்ற தயக்கத்தில் பிறக்கும் கேள்வி இது. கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பிள்ளைகள் துக்கப்படும் விதம் வேறு. காலையில் தேம்பித் தேம்பி அழுவார்கள், மத்தியானம் பந்து விளையாடுவார்கள், ராத்திரி படுக்கையில் மறுபடி அழுவார்கள். பெரியவர்கள் இதை மறதி என்று நினைத்துவிடுகிறோம். தாங்க முடிந்த அளவுக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகி வருகிறார்கள், அவ்வளவுதான். விலகி வந்து மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டாமா?

எப்போது தொடங்குகிறோம் என்பது முக்கியம். சம்பவம் நடந்த மறுநாளே நாடக விளையாட்டோடு போய் நிற்காதீர்கள். அந்த நாட்களில் வேண்டியது பாதுகாப்பு, சாப்பாடு, தூக்கம், தெரிந்த முகங்கள். இவை ஓரளவு வழிக்கு வந்த பிறகு தொடங்குங்கள். அப்போதும் "ஆடப் பிடிக்காதவங்க சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

இது எப்படி உதவுகிறது?

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பரிசுப் பெட்டி என்று ஒரு விளையாட்டு. ஒருவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை இன்னொருவரிடம் நீட்டுவார். வாங்கியவர் திறந்து பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார். கொடுத்தவர் ஏன் அதை வாங்கி வந்தேன் என்பதை அந்த நொடியில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அம்மாவை இழந்து சில வாரங்களே ஆன ஒரு பையன் அன்று வட்டத்தில் இருந்தான். யாரோடும் பேசுவதில்லை. அவன் முறை வந்தது. பெட்டியைத் திறந்தான், உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் "காலி" என்றான்.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. உள்ளே புகுந்து ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், பெட்டியைக் கொடுத்த பெண் சொன்னாள்: "ஆமா, காலியாத்தான் வாங்கினேன். உன்கிட்ட வைக்கிறதுக்கு ஏதோ இருக்குன்னு தெரியும்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுப்பது போல எடுத்து, பெட்டிக்குள் வைத்து, மூடினான். என்ன வைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டம் அடுத்தவருக்குப் போனது. மறு வாரம் அவன் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கும் அந்தப் பெட்டி உண்டா?"

நான் சொல்ல வருவது முழுக்க அதற்குள் இருக்கிறது. கஷ்ட காலம் ஒரு பிள்ளையிடமிருந்து முதலில் பறிப்பது, அடுத்து என்ன நடக்கும் என்ற தெம்பை. உடனடி நாடகத்திலும் அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கே எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். நீ எதைச் சொன்னாலும் கீழே விழ விடமாட்டார். "காலி" என்ற சொல்லைக்கூட ஒருத்தி கைநீட்டிப் பிடித்துக்கொண்டாள். தெரியாமையைத் தனியாகத் தாங்குவதற்கும் ஓர் ஆளோடு சேர்ந்து தாங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை எத்தனை அறிவுரை சொன்னாலும் புரியவைக்க முடியாது. செய்து பார்த்த உடம்புக்கு அது தெரிந்துவிடுகிறது.

மற்ற பலன்களும் உண்டு. கவலையில் இருக்கும் மனம் ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். எதிராளி அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டி நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் அது சுற்றுவதில்லை. குறுகி உட்கார்ந்திருந்த உடம்பு எழுந்து நடக்கிறது, மூச்சு சீராகிறது. தவறு செய்தால் இரண்டு கையையும் தூக்கி "ஆஹா, சொதப்பிட்டேன்!" என்று கத்த வேண்டும், எல்லோரும் கைதட்டுவார்கள் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று மனதுக்குள் குமைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் (பெற்றோர் பிரிந்த வீடுகளில் இது மிகவும் சகஜம்) இந்தக் கைதட்டலுக்கு எப்படி முகம் மாறுகிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா?

உண்டு. ஆனால் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் 10 வாரம் இம்ப்ரோ பயின்ற வளரிளம் பருவத்து மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. மற்றவர்கள் முன்னிலையில் மிகவும் பதற்றப்படுபவர்களாகத் தொடக்கத்தில் தெரிந்த மாணவர்களிடம் அந்தப் பதற்றம் முடிவில் குறைந்திருந்தது. அதில் பயிற்சி பெறாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் வந்த இன்னோர் ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்தது. 20 நிமிடம் இம்ப்ரோ செய்தவர்களுக்கு, அதே நேரம் எழுதி வைத்த வசனத்தைப் பேசியவர்களைவிட, அடுத்து என்ன என்று தெரியாத நிலையைத் தாங்கும் திறன் கூடியிருந்தது. மனநிலையும் மேலாக இருந்தது.

இதை வைத்து, நாடகம் மனக்காயத்தை ஆற்றிவிடும் என்று யாராவது மார்தட்டினால் நம்பாதீர்கள். பதற்றம் தணிய உதவுகிறது, சேர்ந்திருக்கும் உணர்வைத் தருகிறது. இதுவே பெரிய விஷயம்தான்.

இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன?

1906இல் சிகாகோவில் பிறந்த வயோலா ஸ்போலினிடமிருந்து நிறைய வந்தன. 1920களில் நீவா பாய்ட் என்ற சமூகப் பணியாளரிடம் அவர் குழு விளையாட்டுகளைக் கற்றார். பாய்ட் தன் பயிற்சிப் பள்ளியை அப்போது ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் நடத்திக்கொண்டிருந்தார்; வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்கு உதவிய இடம் அது. பிறகு, பெரும் பொருளாதார மந்தத்தை ஒட்டிக் கொண்டுவரப்பட்ட அரசு வேலைத் திட்டத்தில், 1939 வாக்கில் ஸ்போலின் நாடகப் பொறுப்பாளரானார். அவரிடம் வந்த பிள்ளைகளில் பலர் குடியேறிய ஏழை வீட்டுப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்துப் புரியவைப்பதைவிட ஆடவைத்துப் புரியவைப்பது எளிது என்று கண்டு, ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். அவற்றையெல்லாம் தொகுத்து 1963இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் மகன் பால் சில்ஸ், 1959இல் தி செகண்ட் சிட்டி என்ற புகழ்பெற்ற நகைச்சுவை மேடையைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இன்று பலருக்கு இம்ப்ரோ என்றால் நகைச்சுவை நிகழ்ச்சி. அதன் வேர் கஷ்டப்பட்ட பிள்ளைகளின் நடுவில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

நடந்த துயரத்தையே நடிக்கச் சொல்லலாமா?

கூடாது. இந்தப் பாடத்தை நான் கற்றது ஒரு மாணவியை நோகடித்துத்தான். தொடக்க காலத்தில் ஒரு பள்ளியில், விபத்தில் நண்பனை இழந்த வகுப்பு. மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம்பி, "அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நடிச்சுக் காட்டுங்க" என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மற்றவர்கள் உறைந்து நின்றார்கள். அன்று நான் செய்தது, ஆறத் தொடங்கியிருந்த புண்ணைப் பிய்த்துவிட்டது. பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதை மறக்கவே முடியாது: "நடிக்கலை சார். மறுபடி அங்கேயே போயிட்டேன்."

சொந்தத் துயரத்தை மேடையேற்றும் முறைகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. யாக்கோப் மொரேனோ உருவாக்கிய சைக்கோடிராமா இருக்கிறது. அது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களின் வேலை. 1975இல் ஜோனதன் ஃபாக்ஸும் ஜோ சாலஸும் தொடங்கிய பிளேபேக் நாடகத்தில், பார்வையாளர் தன் கதையைச் சொல்ல, பழகிய நடிகர்கள் அதை உடனே நடித்துக் காட்டுவார்கள். பிரேசிலின் அகுஸ்தோ போவால் வகுத்த மன்ற நாடகத்தில், ஒடுக்கப்படும் ஒருவரின் காட்சியைப் பார்வையாளரே நிறுத்தி, உள்ளே வந்து மாற்றி நடித்துப் பார்ப்பார். மூன்றுமே மதிப்புள்ள வழிகள். மூன்றுக்கும் நீண்ட பயிற்சி வேண்டும். இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்த தெம்பில் துயரத்தில் இருக்கும் வகுப்பில் தொடங்கிவிடக் கூடாது.

நாம் பக்கவாட்டில் போவோம். வீட்டை இழந்த பிள்ளைகளிடம் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். "நிலாவில் குடித்தனம்" என்று ஒரு காட்சி கொடுங்கள். எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று அவர்களே பேசுவார்கள். வேண்டியது தானாக வரும், வேண்டாதது வராது. எவ்வளவு தூரம் நெருங்குவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

முதல் வகுப்பை எப்படி நடத்துவது?

நாற்பது நிமிடம் போதும். வட்டமாக நிற்கட்டும். ஒவ்வொருவரும் தன் பெயரை ஓர் அசைவோடு சொல்ல, எல்லோரும் அதை அப்படியே திரும்பச் செய்யட்டும். தன் பெயரை முப்பது பேர் ஒரே குரலில் சொல்வதைக் கேட்பது, பள்ளிக்கு வந்ததையே யாரும் கவனிக்காத ஒரு பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை.

அடுத்து கண்ணாடி: இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மெதுவாக அசைய, மற்றவர் அதைப் பிரதிபலிக்க வேண்டும். தொடச் சொல்லாதீர்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்கவும் கட்டாயப்படுத்தாதீர்கள். கையைப் பார்த்தாலே போதும்.

பிறகு ஒற்றைச் சொல் கதை. ஆளுக்கு ஒரு சொல்லாகச் சேர்த்து ஒரு கதை சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு நம் மொழியில் தனி அழகு. "ராத்திரி", "எங்க", "வகுப்புக்குள்ள", "ஒரு", "யானை" என்று வந்துகொண்டே இருக்கும். வினைச்சொல் கடைசியில்தானே வரும்? கடைசி ஆள் "வந்துச்சு" என்றால் ஒரு கதை, "வரலை" என்றால் வேறு கதை. ஒரு முறை மிகவும் அமைதியான ஒரு சிறுமியிடம் அந்தக் கடைசிச் சொல் போய் நின்றது. முப்பது பேர் அவள் வாயையே பார்த்தார்கள். "அழுதுச்சு" என்றாள். "ஏன்னா" என்று அடுத்தவன் உடனே தொடங்கிவிட்டான். ஒரு வாக்கியத்தின் தலையெழுத்து தன் கையில் இருக்கிறது என்று அவள் கண்டுகொண்ட நிமிடம் அது.

இந்த மூன்றுக்கு மேல் முதல் நாளில் எதுவும் வேண்டாம்.

கூச்ச சுபாவம் உள்ள மாணவர்களை என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். "பாஸ்" சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, காரணம் கேட்கக் கூடாது. கைதட்டுவது, மழைச் சத்தம் எழுப்புவது, மணி அடித்துக் காட்சியை முடிப்பது என்று ஓரத்தில் நின்றே செய்யும் வேலைகளைக் கொடுங்கள். பலர் மூன்றாவது, நான்காவது வாரம் தாங்களாகவே உள்ளே வருவார்கள். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

புத்திசாலித்தனமாக, வேடிக்கையாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பயம்தான் பெரும்பாலும் வாயைக் கட்டுகிறது. பிரிட்டனில் பிறந்து பிறகு கனடாவில் கற்பித்த நாடக ஆசிரியர் கீத் ஜான்ஸ்டன் (1933–2023) இதற்கு நல்ல மருந்து வைத்திருந்தார்: புதிதாக எதையும் யோசிக்காதே, உனக்கு முதலில் தோன்றும் சாதாரணமான விஷயத்தையே சொல் என்பார். உனக்குச் சாதாரணமாகப் படுவது அடுத்தவருக்குப் புதிதாக இருக்கும்.

காட்சிகளில் எப்போதும் சாவு, துப்பாக்கி, சண்டை என்றே வருகிறதே?

வரும். தடை போட்டால் வேறு வேஷத்தில் வரும். நான் செய்வது, காட்சியை நிறுத்தாமல் வெளியிலிருந்து ஒரு கேள்வியைப் போடுவது: "அவனைத் தேடி யாரு வர்றாங்க?" அல்லது "பத்து வருஷம் கழிச்சு அதே இடம்." சாவிலேயே சுழன்றுகொண்டிருந்த கதைக்குள் உதவிக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்துவிடுவார். இழந்தவர்களைக் காட்சியில் உயிரோடு கொண்டுவர மட்டும் நான் தூண்டுவதில்லை. ஒரு பிள்ளை தானாகக் கொண்டுவந்தால் சுருக்கமாக முடித்து, பிறகு தனியாகப் போய் அவனோடு உட்காருவேன்.

நடுவில் யாராவது அழுதால்?

அழட்டும். ஆட்டத்தை மெதுவாக நிறுத்துங்கள், எல்லோரும் அந்தப் பிள்ளையையே பார்க்கும்படி விடாதீர்கள். உதவிக்கு இன்னொரு பெரியவர் அறையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அவர் அந்தப் பிள்ளையோடு வெளியே போய், தண்ணீர் கொடுத்து, பேச விரும்பினால் கேட்பார். விரும்பாவிட்டால் சும்மா பக்கத்தில் இருப்பார். "அழாதே" என்று சொல்ல வேண்டாம். கால் தரையில் படுவதை உணரச் சொல்லலாம், கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லலாம்.

கேலி செய்தால்?

அன்றே, அங்கேயே நிறுத்துங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஒரு தடவை கேலிக்கு ஆளான பிள்ளை மறுபடி வாய் திறக்காது.

இது மனநல சிகிச்சைக்கு மாற்றா?

இல்லை. துயரமான சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது, படிப்பில் கவனம் சிதறுவது எல்லாம் பலருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போக வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வாழப் பிடிக்கவில்லை என்று பேசுவது இரண்டிலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

யாரோ தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

எனக்கு நடிக்கவே வராது. நான் நடத்தலாமா?

தாராளமாக. நன்றாக நடிப்பவர்களைவிட நன்றாகக் கேட்பவர்களுக்கு இது கைவரும். ஆனால் மாணவர்களோடு நடத்தும் முன் சக ஆசிரியர்கள் ஐந்தாறு பேரோடு நீங்களே ஆடிப் பாருங்கள். முட்டாளாகத் தெரிந்துவிடுவோமோ என்று வயிற்றில் புரளும் அந்தப் பயத்தை ஒரு முறை அனுபவித்தவர், பிள்ளைகளை ஒருபோதும் அவசரப்படுத்த மாட்டார்.

ஆன்லைனில் செய்ய முடியுமா?

முடியும். 2020இல் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி மூடியபோது நாங்கள் திரையில்தான் சந்தித்தோம். ஆறேழு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். சத்தம் ஒருவர் பின் ஒருவராகத்தான் வரும் என்பதால் வரிசை சொல்லி ஆடும் விளையாட்டுகள் நன்றாக நடக்கும்: ஒற்றைச் சொல் கதை, பரிசுப் பெட்டியைத் திரையின் ஓரத்தில் நீட்டி அடுத்தவர் திரையில் வாங்குவது. கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வீடு எப்படி இருக்கிறது என்று காட்டப் பிடிக்காத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எத்தனை வாரம் நடத்த வேண்டும்?

எட்டு முதல் பத்து வாரம், வாரம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம். ஒரே ஒரு நாள் பட்டறை நடத்திவிட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்வதில்லை; ஏற்கெனவே சொல்லாமல் போனவர்களைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். கடைசி வாரம் எது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வகுப்பையும் எப்படி முடிப்பது?

பாத்திரத்திலிருந்து வெளியே வர நேரம் கொடுத்து. கை கால்களை உதறச் சொல்வேன். பிறகு வட்டத்தில் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரையும், இன்று இன்னொருவர் தனக்குச் செய்த ஒன்றையும் சொல்வார்கள். "எனக்கு ஒண்ணும் தோணாம நின்னப்ப அவன் உள்ள வந்தான்", "நான் சொன்ன ஆட்டுக்குட்டியை அவ கடைசி வரைக்கும் தூக்கிட்டே நடந்தா" என்பது போல. சொல்லப் பிடிக்காதவர் தலையசைத்தால் போதும்.

அப்புறம் பெஞ்சுகளைப் பழைய இடத்தில் போடுவதை அவர்களிடமே விடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் யாராவது ஒரு பிள்ளை உங்கள் பக்கத்தில் வந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமலே, மெதுவாகப் பேச்சுக் கொடுக்கும். அதனால் நீங்களும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள்.